ரவி சங்கரும் வானொலிப் பதவியும்

டெல்லி பாராளுமன்ற வீதியில் உள்ள அகில இந்திய வானொலி நிலையத்தில் 1949 முதல் 1956 வரை இசை இயக்குநராக இருந்தவர் சிதார் மேதை ரவி சங்கர். அந்த நிர்வாகப் பதவி அவருடைய படைப்பாற்றலுக்கு இடைஞ்சலாக இருக்கவில்லை, அதை வளர்த்தது என்றே சொல்ல வேண்டும். தனிக் கலைஞராக மட்டும் இருந்திருந்தால் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு வாத்தியக் குழு அவருக்கு எங்கே கிடைத்திருக்கும்? 1952இல் உருவான ‘வாத்ய விருந்தா’ என்ற அந்த வானொலிக் குழுவில் வடக்கின் சிதாரும் தெற்கின் வீணையும் ஒரே மேடையில் அமர்ந்தன. அவரோடு சேர்ந்து அதை நடத்தியவர் வயலின் வித்வான் டி. கே. ஜெயராமையர். டெல்லித் தமிழர்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய பெயர் அது.

இப்படிக் குழுவுக்காக எழுதிவைத்து வாசிக்கும் இசையில், அந்தந்தக் கணத்தில் கற்பனையாக வாசிக்கும் மனோதர்மத்துக்கு இடமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கீர்த்தனைகளும் முன்கூட்டியே அமைத்த உருப்படிகள்தாமே. அவற்றால் ராகம் சுருங்கிவிடவில்லை. அலுவலகம் அவரை முடக்கியிருந்தால், 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’ திரைப்படத்துக்கு அப்படியொரு இசை அமைந்திருக்காது. அவர் பதவி விலகியதை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் 1971ஐயும் பார்க்க வேண்டும்: லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு ஒலித்த அவரது சிதார் கான்செர்ட்டோ, பல வாத்தியங்களுக்குப் பிரித்து இசையமைத்த அந்த வானொலிப் பயிற்சியின் தொடர்ச்சிதான்.