வாரியமும் வாழ்க்கையும்

ஒரு தேசத்தின் ஜனத்தொகைக் கொள்கை ஒரு தலைமுறைக்குள்ளேயே நேரெதிராகத் திரும்பக்கூடும் என்பதற்கு மலேசியா தக்க உதாரணமாகும். பினாங்கு முதலிய மாநிலங்களில் 1950களில் தோன்றி, 1958இல் சம்மேளனமாக இணைந்த தன்னார்வச் சங்கங்கள், தாய்மார்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டு நடத்திவந்த குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியை, 1966இல் சட்டமியற்றித் தேசிய வாரியம் அமைத்து அரசாங்கமும் மேற்கொண்டது. ஆனால், உள்நாட்டுச் சந்தை விரிவடைய வேண்டுமெனக் கருதிய பிரதமர் மகாதீரின் அரசாங்கமோ, 1984இல், 2100ஆம் ஆண்டளவில் 7 கோடி மக்கள் என்னும் லட்சியத்தை வகுத்தது. எனினும், பள்ளிப் படிப்பு முடித்து, பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் சுயசம்பாத்தியம் கண்ட பெண்கள், காலந்தாழ்த்தி மணந்து, சில பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டமையால், இன்று அம்மாநிலம், நாட்டிலேயே மகப்பேற்று விகிதம் மிகக் குறைந்த மாநிலங்களுள் ஒன்றாக விளங்குகிறது. குடும்பத்தின் அளவை நிர்ணயிப்பதில், சர்க்கார் லட்சியங்களைக் காட்டிலும் பெண்களின் கல்விக்கும் ஜீவனோபாயத்துக்கும் வலிமை அதிகம்.