மலைப்பாதையில் வாகனம் எங்கே? இருப்பிடம் காட்டும் கருவி குறித்து ஒரு விளக்கம்

மலைப்பாதையில் ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்தால், அது எந்த வளைவில் விழுந்தது என்பதைக் கண்டறிவதே மீட்புக் குழுவினரின் முதல் பணியாகிறது. இரவிலோ பனிமூட்டத்திலோ அதற்கே நெடுநேரம் பிடிக்கும். வணிகப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியைப் பொருத்த வேண்டும் என்ற விதி, உத்தராகண்ட், இமாசலப் பிரதேசம் போன்ற மலை மாநிலங்களில் கூடுதல் முக்கியத்துவம் பெறுவது இதனால்தான்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் விதியின்படி, 2019 ஜனவரி 1 முதல் பதிவு செய்யப்படும் பேருந்து, வாடகைக் கார் முதலான பொதுச் சேவை வாகனங்களில் இக்கருவியும் அவசர உதவிப் பொத்தானும் இருந்தாக வேண்டும். ஆட்டோக்களுக்கும் இ-ரிக்‌ஷாக்களுக்கும் விலக்கு உண்டு. அதற்கு முன் பதிவான வாகனங்களுக்குக் காலக்கெடு விதிக்கும் பொறுப்பு மாநில அரசுகளிடம் விடப்பட்டது.

கருவி செய்யும் வேலை இரண்டு. செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. பின்னர் அத்தகவலை உள்ளிருக்கும் சிம் வழியாகக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்புகிறது. மலையில் பெரும்பாலும் சிக்கல் வருவது இரண்டாவது வேலையில்தான். கைப்பேசிக் கோபுரத்தின் அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்கில், வாகனம் எங்கிருக்கிறது என்பது கருவிக்குத் தெரியும், மையத்துக்குத் தெரியாது. அந்நேரங்களில் கருவி தகவல்களைச் சேமித்து வைத்து, இணைப்பு மீண்டதும் அனுப்பும். வாகனத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டாலும் சில மணி நேரம் இயங்க அதனுள் தனி மின்கலம் உண்டு. நொறுங்கிய வாகனத்தில் இவை எதுவும் பயன்படாமல் போகலாம். ஆயினும் கடைசியாக வந்து சேர்ந்த இருப்பிடத் தகவல் வீணல்ல. தேட வேண்டிய தொலைவை அது பெரிதும் குறைத்துவிடும்.

கருவி சொல்லாதவையும் உள்ளன. 2024 நவம்பர் 4 அன்று உத்தராகண்டின் அல்மோரா மாவட்டம் மார்ச்சுலா அருகே பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 36 பேர் உயிரிழந்தனர். 40-க்குச் சற்று மேற்பட்ட இருக்கைகளே கொண்ட அதில் ஏறத்தாழ 60 பேர் பயணித்தனர். வேகமும் வழித்தடமும் மையத்தின் திரையில் தெரியும். எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்பது தெரியாது. அதை வழியில் நிறுத்திப் பார்க்கும் அலுவலர்தான் கண்டறிய வேண்டும்.

பொருத்திய கருவி வேலை செய்கிறதா என்பது வாகனத் தகுதிச் சான்று வழங்கும்போது சோதிக்கப்படுகிறது. ஆனால் 8 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு அச்சான்று 2 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட காலத்தில் கருவி பழுதானால், மையத்தில் ஒருவர் அதைக் கவனித்து உரிமையாளரைக் கேட்டாலொழிய வெளியே தெரிய வழியில்லை.

இமாசலப் பிரதேசத்தில் இக்கருவிகள் 112 அவசர உதவி அமைப்புடன் இணைக்கப்பட்டுள்ளன. பொத்தானை அழுத்தியதும் வாகன விவரமும் இருப்பிடமும் அங்கு சென்று சேரும். பயணிகளின் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு நிறத்தில் இருக்கும் இப்பொத்தானை, வண்டி புறப்படும் முன்பே எங்கிருக்கிறது எனப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.