புதையல் இல்லாத புதையல் வேட்டை: பழவேற்காடு கல்லறைகள் சொல்வது என்ன?

கடம்பத்தூரும் பழவேற்காடும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். ஒன்று, அரக்கோணம் லோக்கல் ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்து போகும் ஊர். இன்னொன்று, 17-ம் நூற்றாண்டில் நெதர்லாந்தையும் இந்தோனேசியத் தீவுகளையும் இணைத்த துறைமுகம். அதற்குச் சாட்சியாக இன்று மிஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது, அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம்.

வெளிநாடுகளில் இதுபோன்ற பழைய கல்லறைகளில் 'ஜியோகேச்சிங்' விளையாடி உள்ளூர் வரலாற்றைக் கற்கிறார்கள். அதை இங்கேயும் செய்ய முடியுமா? முடியும். ஆனால் ஒரு சின்ன மாற்றத்தோடு.

ஜியோகேச்சிங்னா என்ன?

ஜிபிஎஸ் வைத்து ஆடும் புதையல் வேட்டைதான் இது. பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே புகுத்தி வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாளில், மே 3 அன்று, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு மறைத்து வைத்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்பதுதான் ஆட்டம். இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

இதிலேயே 'விர்ச்சுவல்' என்று ஒரு வகை உண்டு. அதில் பெட்டியே கிடையாது. நேரில் போய்ப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு விடையைச் சொன்னால் போதும். கல்லறைகளுக்குப் பொருத்தமானது இந்த வகைதான்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் ஏன்?

துணிக்காக. இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்க, அங்கே விரும்பப்பட்ட சோழமண்டலக் கரைத் துணி தேவைப்பட்டது. 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடரிடம் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி பெற்றது. 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரை முழுவதுக்குமான டச்சு நிர்வாகம் இங்கிருந்துதான் நடந்தது. மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். அந்த 'பெலிகாட்', ஐரோப்பியர் வாயில் 'புலிகாட்' ஆன நம் பழவேற்காடுதான்.

கல்லில் என்ன இருக்கு?

தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள இந்தத் தோட்டத்தின் வாசலிலேயே எலும்புக்கூடு சிற்பங்கள் வரவேற்கும். மரணம் எல்லோருக்கும் உண்டு என்பதை நினைவூட்டும் அந்தக் கால ஐரோப்பிய வழக்கம் அது. உள்ளே 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள். குடும்பச் சின்னங்களும் நீளமான டச்சு எழுத்துகளும் கொண்ட கற்கள்.

டச்சு தெரியாதேன்னு தயங்க வேண்டாம். மூன்று சொற்கள் தெரிந்தால் ஆரம்பிக்கலாம். 'ஹியர்' என்றால் 'இங்கே'. 'அன்னோ' என்றால் ஆண்டு. 'அவுட்' என்றால் வயது. எழுத்து தேய்ந்திருந்தால், போன் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் போட்டோ எடுங்கள். நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். ஜே.ஜே. காட்டன் 1905-ல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுகளின் தொகுப்பு, படித்ததைச் சரிபார்க்க உதவும்.

எப்படி விளையாடுவது?

நண்பர்கள் குழுவாகப் போய்க் கேள்விகளைப் பிரித்துக்கொள்ளலாம். கண்ணில் படும் ஆண்டுகளில் பழையது எது? குழந்தைகளின் கல்லறைகள் எத்தனை? மிகக் குறைந்த வயதில் இறந்தவர் யார்? விடையை எழுதி, இடத்தை மேப்பில் பின் செய்துவிட்டால் அடுத்து வருபவருக்கு ஒரு வழித்தடம் தயார்.

கடைசியாக ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்: இங்கே யாருடைய பெயர் இல்லை? ஏற்றுமதியான துணியை நெய்தவர்கள் இந்தக் கற்களில் இல்லை. 17-ம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களையும் தெலுங்கர்களையும் டச்சுக் கம்பெனி அடிமைகளாகக் கப்பலேற்றியது. பலர் போய்ச் சேர்ந்தது இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கு. ஏற்றி அனுப்பிய கம்பெனியின் ஆட்களுக்குக் கல்லும் குடும்பச் சின்னமும் இருக்கு. ஏற்றப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு வரிகூட இல்லை. இதைக் கவனிக்காமல் திரும்பினால், பார்த்தது பாதி வரலாறுதான்.

என்ன செய்யக் கூடாது?

எந்தப் பெட்டியையும் ஒளிக்கவோ புதைக்கவோ கூடாது. சாக்பீஸ், மாவு, ஆசிட் எதையும் கல்லில் தடவக் கூடாது. கல்லறை மேல் ஏறி செல்ஃபியும் வேண்டாம். 1958-ம் ஆண்டு தொல்சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

எப்படிப் போவது?

கடம்பத்தூரிலிருந்து ரயிலில் சென்ட்ரல் வந்து, மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு மாறி, பொன்னேரியில் இறங்கணும். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ் இருக்கு. சுமார் 20 கி.மீ. வெயில் ஏறும் முன் போய்ச் சேர்ந்தால் நல்லது. காலைச் சாய்வெளிச்சத்தில் டார்ச் இல்லாமலே பல எழுத்துகள் தெரியும்.