மரத்துக்காக வாதாடிய கவிஞர்

கரமனையாற்றின் கரையில் வாழும் நமக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அகத்தியமலைச் சாரலில் பிறக்கும் இவ்வாறு அருவிக்கரையில் தேங்கித் திருவனந்தபுரத்தார்க்குக் குடிநீராகின்றது. காடு அழியுமாயின் ஆறு என்னவாகும்? இவ்வினாவைக் கவிதையில் மட்டுமின்றி, அரசின் வாயிலிலும் எழுப்பியவர் மலையாளக் கவிஞர் சுகதகுமாரி.

அவர் 1934-ஆம் ஆண்டில் பிறந்தவர். தந்தையார் போதேசுவரன் விடுதலைப் போராட்ட வீரர், கவிஞரும் ஆவார்; அன்னையார் கார்த்தியாயினி அம்மாள் வடமொழி கற்பித்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவம் பயின்ற சுகதகுமாரியின் தொடக்ககாலப் பாடல்களில் தனிமையும் கண்ணன்பால் ஏக்கமுமே மிகுதி. ‘ராத்ரிமழ’ என்னும் தொகுதி 1978-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. இராத்திரி, மழை என்ற இரு சொற்களையும் தமிழர்க்கு மொழிபெயர்க்க வேண்டா. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு அதுவும் ஓர் இன்பமே!

பாலக்காட்டு மலைகளில் குந்திப்புழை பாயும் இடம் சைலண்ட் வேலி. சிங்கவால் குரங்குகள் வாழும் அம்மழைக்காட்டை மூழ்கடித்து மின்சாரம் எடுக்க அணை ஒன்று திட்டமிடப்பட்டது. நாட்டுக்கு ஒளி வேண்டாவா என்று கேட்டோர் பலர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் சுகதகுமாரி இயற்கைப் பாதுகாப்புக் குழுவின் செயலாளராக நின்று, ஊர் ஊராகச் சென்று பேசினார். அவர் இயற்றிய ‘மரத்தினு ஸ்துதி’ போராட்டத்தின் கீதமாயிற்று. ‘மரக்கவிகள்’ என்று ஏளனம் செய்தோரும் உண்டு. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1985-இல் அக்காடு தேசியப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது.

அதே 1985-இல், மனநோயாளர் படும் துயரைக் கண்டு உள்ளம் நொந்து, ‘அபயா’ என்னும் இல்லத்தை நிறுவினார். பின்னர் மாநில மகளிர் ஆணையத்தின் முதல் தலைவியாகவும் பணியாற்றினார்.

கடல் கடந்த மத்திய அமெரிக்காவிலும் இத்தகையார் ஒருவர் இருந்தார். நிகராகுவாவில் 1924-இல் பிறந்து எல் சால்வதோரில் வளர்ந்த கிளாரிபெல் அலெக்ரியா, 1932-இல் அங்கு நிகழ்ந்த உழவர் படுகொலையைச் சிறுமியாய் இருந்த நாளில் அறிந்தவர். அந்நினைவைப் பிற்காலத்தில் எழுத்தாக்கினார். அவர்க்கு மனிதர் சிந்திய குருதி; இவர்க்கு வெட்டுண்ட மரம். எனினும், போராடப் புகுந்தமையால் சுகதகுமாரியின் கவிதை மெலிந்தது என்பாரோடு நாம் உடன்படோம்.

2020 டிசம்பரில் கொரோனா நோயால் அவர் மறைந்தார். தமக்கு மலர்வளையம் வேண்டா, ஓர் ஆலமரம் நட்டால் போதும் என்று முன்னரே சொல்லிவைத்திருந்தார்.