‘கடையைக் கட்டுங்க’ என்று கணினி சொன்னால்... உங்கள் புரோகிராம் காதில் விழுமா?

ஒரு கல்லூரியில் 2,000 மாணவர்களுக்கு உதவித்தொகையை வங்கிக் கணக்கில் போட வேண்டும். அதற்காகப் பைத்தான் மொழியில் எழுதிய ஒரு புரோகிராம் இரவில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் அனுப்பியவர்களின் பட்டியலை நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போய், முடியும்போது மொத்தமாகக் கோப்பில் எழுதும். 1,240 பேருக்குப் பணம் போன நேரத்தில், பராமரிப்புக்காக சர்வர் அந்தப் புரோகிராமை நிறுத்துகிறது. பட்டியல் காலி! மறுபடி ஓடவிட்டால் அந்த 1,240 பேருக்கும் இரண்டாவது தடவை பணம் போகும்.

“எப்படி நின்றாலும் பட்டியலை எழுதிவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று ‘ஃபைனலி’ பகுதியில் எழுதியிருந்தேனே, சோதித்தும் பார்த்தேனே” என்பார் எழுதியவர். அவர் சொல்வது பொய்யில்லை. பிறகு எங்கே தவறு?

சிக்னல் என்றால் என்ன?

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு லினக்ஸ் போன்ற இயங்குதளம் அனுப்பும் சின்னத் தகவல்தான் சிக்னல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அன்றாடம் எதிர்ப்படுபவை மூன்று.

சிக்இன்ட் (எண் 2): விசைப்பலகையில் கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போவது.

சிக்டெர்ம் (எண் 15): ‘நேரமாச்சு, கடையைக் கட்டுங்க’ என்ற மரியாதையான வேண்டுகோள். ‘கில்’ என்ற கட்டளை, பெயர் பயங்கரமாக இருந்தாலும், வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் இதைத்தான் அனுப்பும்.

சிக்கில் (எண் 9): கரன்ட் போன மாதிரி. எந்தப் புரோகிராமாலும் இதைத் தடுக்கவோ கையாளவோ முடியாது.

சோதனையில் ஏன் தெரியவில்லை?

நம் மேசையில் புரோகிராமை நிறுத்த கன்ட்ரோல்-சி அழுத்துகிறோம். பைத்தான் அந்த சிக்இன்டைத் தானாகவே ‘கீபோர்டு இன்டரப்ட்’ என்ற பிழையாக மாற்றிக்கொள்ளும். அதனால் ஃபைனலி பகுதி ஓடும். பட்டியல் பத்திரமாக எழுதப்படும்.

ஆனால் சர்வரில் கன்ட்ரோல்-சி அழுத்த ஆள் யார்? அங்கே வருவது சிக்டெர்ம். அதற்குப் பைத்தான் எந்த ஏற்பாடும் செய்து வைக்கவில்லை. நாமும் செய்யாவிட்டால், இயங்குதளம் புரோகிராமை அப்படியே முடித்துவிடும். ஃபைனலி ஓடாது. வேண்டுகோள் மரியாதையாகத்தான் வந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

எப்படிக் கையாள்வது?

பைத்தானோடு வரும் ‘சிக்னல்’ தொகுதியில், ‘சிக்டெர்ம் வந்தால் இந்தச் செயல்கூற்றைக் கூப்பிடு’ என்று ஒரே வரியில் சொல்லிவைக்கலாம். இதைப் புரோகிராமின் முதன்மை இழையில்தான் சொல்ல முடியும்.

அந்தச் செயல்கூறு சின்னதாக இருப்பதே நல்லது. அது எந்த நொடியிலும் குறுக்கே வரும் என்பதால், கோப்பு எழுதுவது, வங்கியோடு பேசுவது எல்லாம் அதற்குள் வேண்டாம். ‘நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள்’ என்று ஒரு கொடியை மட்டும் உயர்த்தட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் பணம் அனுப்பிக் குறித்துக்கொண்ட பிறகு, புரோகிராம் அந்தக் கொடியைப் பார்க்க வேண்டும். உயர்ந்திருந்தால் பட்டியலை எழுதிவிட்டு வெளியேறலாம். கடைக்காரர் கையிலிருக்கும் வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்குவது மாதிரி.

கவனிக்க வேண்டிய இரண்டு

முதலாவது, தூக்கம். ‘60 வினாடி காத்திரு’ என்று எழுதியிருந்தால், 3.5 பதிப்பு முதல் பைத்தான், சிக்னல் வந்து கொடி உயர்ந்த பிறகும் மீதி நேரத்தைத் தூங்கிவிட்டுத்தான் எழும். அதற்குள் அவகாசம் முடிந்துவிடலாம். வேறு மாதிரி அமைக்காதவரை, டாக்கர் 10 வினாடியும் குபர்நெட்டிஸ் 30 வினாடியும்தான் பொறுக்கும். பிறகு சிக்கில் வந்துவிடும். ஆகவே ஒரே நீண்ட தூக்கத்துக்குப் பதில் ஒவ்வொரு வினாடியாகத் தூங்கி, நடுநடுவே கொடியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கன்டெய்னர். அதற்குள் உங்கள் புரோகிராம்தான் எண் 1 என்றால் நிலைமை வேறு. கையாள ஏற்பாடு இல்லாத சிக்டெர்மை லினக்ஸ் அதனிடம் சேர்ப்பதே இல்லை. அவகாசம் முழுவதும் வீணாகி, கடைசியில் சிக்கில்தான்.

சிக்கில் வந்தால்?

ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பண விஷயத்தில் சிக்னலை மட்டும் நம்பக் கூடாது. பட்டியலைக் கடைசிவரை நினைவகத்தில் வைத்திருக்காமல், அவ்வப்போதே கோப்பில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் மாறாத தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் வங்கித் தரப்பில் நிராகரிக்கும்படி செய்துகொள்வது இன்னும் பாதுகாப்பு.

அடுத்த முறை சோதிக்கும்போது கன்ட்ரோல்-சியோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு திரையைத் திறந்து ‘கில்’ கட்டளையையும் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். பட்டியல் தங்குகிறதா, போய்விடுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.