சமையலறைத் தீயும் உலர்தூள் அணைப்பானும்

வீடுகளுக்குப் பெரும்பாலும் ஏற்ற ஏபிசி வகைத் தீயணைப்பான், மோனோ அமோனியம் பாஸ்பேட் என்னும் உப்பின் நுண்தூளை அழுத்தமூட்டிய நைட்ரஜனால் பீய்ச்சி, எரிதலின் வேதித்தொடரை அறுப்பதோடு, மரம், துணி போன்றவற்றின்மேல் உருகிப் படிந்து காற்றையும் தடுக்கிறது. சிறிய உருளை சில நொடிகளிலேயே தீர்ந்துவிடும் என்பதால், வெளியேறும் வழியை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு, பாதுகாப்பு ஊசியை உருவி, தழலின் நுனியை அல்லாமல் அடியைக் குறிவைத்து இருபுறமும் வீச வேண்டும்.

வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால், அணைப்பானைத் தேடுவதைவிட அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுவதே மேல். தண்ணீரோ கொதியெண்ணெயைச் சிதறடித்துத் தீயைப் பெருக்கும்.

அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என மாதந்தோறும் பார்ப்பது எளிது. ஆனால் சோதனைக்கெனச் சற்றே அழுத்தினாலும் வால்வில் தூள் சிக்கி அழுத்தம் கசியக்கூடும் என்பதால், அணைப்பானை மறுபடி நிரப்பியே ஆகவேண்டும். அடுப்புக்கு மேலே மாட்டுவது, அழகாகத் தோன்றினாலும், வீண்: தீப்பற்றியபின் அங்கே கை எட்டாது.