தேசியப் பூங்காவில் ஷூட்டிங்: சஃபாரி டிக்கெட் மட்டும் போதுமா?

2025 ஆகஸ்ட்டில் கர்நாடகாவின் பந்திப்பூர் வழியே செல்லும் சாலையில் காட்டு யானையோடு செல்ஃபி எடுக்கப் போனார் ஒருவர். யானை துரத்தித் தாக்கியது. நல்லவேளையாக உயிர் பிழைத்தார். வீடியோ வைரலானதும் வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் போட்டது.

சாலையிலேயே இந்த நிலைமைன்னா, பூங்காவுக்கு உள்ளே கேமரா எடுத்துட்டுப் போறதுக்கு என்ன விதி?

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் நுழையவே அனுமதி வேண்டும். ஆராய்ச்சி, சுற்றுலா, போட்டோகிராபி போன்ற காரணங்களுக்கு அதைக் கொடுப்பவர் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் (பிரிவு 28). 2022-ல் வந்த திருத்தம் இந்தப் பட்டியலில் படப்பிடிப்பையும் சேர்த்தது. கூடவே ஒரு நிபந்தனை: வாழிடத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, விலங்குகளுக்குப் பாதிப்பு வரக் கூடாது.

யாருக்குத் தனி அனுமதி வேண்டும்?

சஃபாரி டிக்கெட் என்பது சுற்றுலாவுக்கான அனுமதி மட்டுமே. ஜீப்பில் உட்கார்ந்தபடி உங்களுக்காக போட்டோ எடுக்கலாம். சில பூங்காக்களில் லென்ஸ் அளவைப் பொறுத்து கேமரா கட்டணம் உண்டு. தடோபா போல சில இடங்களில் சஃபாரியில் மொபைலுக்கே தடை.

சினிமா, விளம்பரம், டாக்குமெண்டரி என்றால் தனி அனுமதி கட்டாயம். 'நம்மது வெறும் யூடியூப் சேனல்தானே' என்று நினைக்க வேண்டாம். ஸ்பான்சர், குழு, டிரைபாட் என்று போனால் முன்கூட்டியே எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

விண்ணப்பத்தில் என்ன இருக்கும்?

கதைச்சுருக்கம், தேதி, இடம், குழுவினர், கருவிகள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலும் நாள் கணக்கு.

கதைச்சுருக்கத்தை சும்மா ஒப்புக்கு எழுதக் கூடாது. காசிரங்கா பற்றிய பிபிசி ஆவணப்படம் 2017-ல் வெளியானபோது, அனுமதி கேட்கையில் சொன்னது வேறு, படத்தில் காட்டியது வேறு என்றது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம். நாட்டின் எல்லா புலிகள் காப்பகங்களிலும் படமெடுக்க பிபிசிக்கு 5 ஆண்டு தடை விழுந்தது.

டிரோன் பறக்கவிடலாமா?

250 கிராம் வரையிலான நேனோ டிரோனுக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. அது விமானப் போக்குவரத்து விதி தரும் சலுகை, காட்டுக்குள் செல்லாது. வனத்துறை அனுமதி தனியாக வேண்டும்.

மீறினால்?

3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விலங்கைச் சீண்டுவது, குப்பை போடுவதுகூட இந்தச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு விஷயம்: புலி போட்டோவை லொகேஷனோடு உடனே ஸ்டோரியில் போடாதீங்க. அதைப் பார்த்துக் கூட்டமும் வரலாம், வேட்டைக்காரனும் வரலாம்.